பின்வரிசை முகங்கள்

வண்ணார்பேட்டையை ஜங்ஷனோடு சேர்த்து வைத்த சுலோசன முதலியார் பாலம் திறக்கப்பட்டது 1843-ல். பாரிஸில் டாகர் என்பவர், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பிடித்து நிறுத்தும் வித்தையை உலகத்துக்கு அறிவித்தது 1839-ல். நாலே வருஷ வித்தியாசம். பாலத்தின் சரித்திரத்தை நம் ஊரில் எழுதாத மலர் கிடையாது. போட்டோவின் சரித்திரத்தை யாரும் எழுதக் காணோம். இத்தனைக்கும் இந்த மலரைக் கையில் வாங்கியதும் நீங்கள் முதலில் புரட்டிப் பார்க்கப் போவது கட்டுரைகளை அல்ல, உங்கள் செட்டின் குரூப் போட்டோவைத்தான்.

அந்தப் போட்டோவை இன்னொரு முறை நன்றாகப் பாருங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் தெளிவாக இருப்பார்கள். நடுவரிசை பரவாயில்லை. பின்வரிசையில் பெஞ்ச் மேல் ஏறி நிற்கிற நம்ம பயல்களில் நாலைந்து பேருக்கு முகமே இருக்காது. சட்டைக் காலர் தெரியும், பல் தெரியும், ஆளைத் தெரியாது. "ஏல, இது யாருன்னு சொல்லு பாப்போம்" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விளையாட்டு நடக்கிறது. சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். நம்ம ஆள் கறுப்பு, அதனால் விழவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அந்தக் காரணம் தப்பு என்பதுதான் என் கட்சி. அவன் முகம் விழாமல் போனதற்கு அவன் தோல் காரணம் இல்லை. வெளிச்சத்தையும் கலரையும் முடிவு செய்கிற சுவிட்ச் யார் கையில் இருந்தது என்பதே காரணம். அந்த சுவிட்ச் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகக் கைமாறி, கடைசியில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவின் முதுகில் ஒரு பட்டனாக வந்து உட்கார்ந்த கதை இது.

ஆரம்பத்தில் வெளிச்சம் என்றால் சூரியன் மட்டும்தான். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை ராஜதானி அரசின் போட்டோகிராபராக 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். மெழுகு தோய்த்த காகித நெகடிவ். ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். கோயில் தூண் அசையாது, அதனால் அற்புதமாக விழுந்தது. மனிதன் அசைவான். பிறகு வந்த ஸ்டூடியோக்கள் கண்ணாடிக் கூரை போட்டு, வடக்குப் பக்க வெளிச்சத்தைத் திரைச்சீலையால் வடிகட்டி, ஆளை நாற்காலியில் அசையாமல் உட்கார வைத்து எடுத்தன. மெதுவான வெளிச்சம், நீண்ட எக்ஸ்போஷர். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தேடித்தேடி ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறது. அந்த மாதிரிப் படங்களில் நம் கொள்ளுத்தாத்தாக்களின் கறுத்த முகத்தில் சுருக்கம், அம்மைத் தழும்பு, மீசையின் ஒவ்வொரு முடி எல்லாம் தெரியும். ஆகவே பழைய படம் என்பதால் முகம் தெரியவில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை.

கலரும் அப்போதே இருந்தது. கேமராவில் இல்லை, பிரஷ்ஷில் இருந்தது. கறுப்பு வெள்ளைப் பிரிண்டின் மேல் ஸ்டூடியோ ஆர்ட்டிஸ்ட் கலர் தீட்டுவார். சேலைக்குச் சிவப்பு, நகைக்கு மஞ்சள், கன்னத்தில் ரோஸ். நெகடிவிலேயே பென்சிலால் 'டச்சிங்' செய்து முகத்தை ஒரு சுற்று வெளுப்பாக்குவதும் உண்டு. வாடிக்கையாளர் கேட்டதைத்தான் செய்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முகத்தின் நிறம் என்ன என்று எடுத்த பிறகு முடிவு செய்யும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

செயற்கை வெளிச்சத்துக்கு வருவோம். 1864-ல் இங்கிலாந்தில் மக்னீசியம் கம்பியை எரித்துப் படம் எடுத்தார்கள். 1887-ல் ஜெர்மனியில் மீத்தேயும் கெடிக்கேயும் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து பிளாஷ் பவுடர் செய்தார்கள். கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் உள்ளவர்களுக்குப் புரிந்திருக்கும், இது ஏறக்குறைய வெடிமருந்து. 1930 வாக்கில் அந்த வெடியைக் கண்ணாடி பல்புக்குள் அடைத்தார்கள். ஒரு படத்துக்கு ஒரு பல்பு, எடுத்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். நமக்குப் பழக்கமான எலக்ட்ரானிக் பிளாஷுக்கு வழி போட்டவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த எட்ஜர்டன். அவர் எலக்ட்ரிகல் இன்ஜினியர். 1931-ல் மோட்டார் சுழற்சியை நிறுத்திப் பார்ப்பதற்காக ஸ்ட்ரோப் விளக்கைச் செய்யப் போய், போட்டோ உலகத்தையே மாற்றிவிட்டார்.

நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்காக ஒரு கணக்கு. பிளாஷுக்குள் இருப்பது ஒரு கெபாசிடர். 1000 மைக்ரோஃபாரட், 330 வோல்ட் என்று வையுங்கள். அரை சி.வி. ஸ்கொயர் போட்டால் 54 ஜூல். இது ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் காலியாகிறது என்றால் அந்தக் கணத்தில் 54 கிலோவாட்! முப்பத்தைந்து ஏ.சி. சேர்ந்து இழுக்கிற பவரை நாலு பென்டார்ச் செல் கொடுக்கிறது. அந்த "கீ…ச்" சத்தம், ஆறு வோல்ட்டை முந்நூறாக ஏற்றுகிற இன்வெர்டரின் பாட்டு.

இனிமேல்தான் பின்வரிசைக்காரனின் வழக்கு. பள்ளிக்கூடத்தில் படித்த தலைகீழ் இருபடி விதிதான். பிளாஷ் கேமரா தலையில் செருகி இருக்கிறது. அறைக்குள் எடுப்பதால் இடம் இல்லை. முன்வரிசை மூன்று மீட்டரில், பின்வரிசை ஐந்து மீட்டரில். ஐந்தை மூன்றால் வகுத்து இருபடி எடுங்கள், 2.78. அதாவது முன்னால் உட்கார்ந்த ஹெச்.ஓ.டி.க்குக் கிடைத்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் பின்னால் நிற்கிற மாணவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் எந்த நிறமாக இருந்தாலும் அவ்வளவுதான். அதில் அவன் கறுப்பாகவும் இருந்துவிட்டால் பிரிண்டில் அவனுக்கு இடமே இல்லை.

சரி, வெயிலில் நிறுத்தி எடுத்தால்? அதிலும் ஒரு சிக்கல். அன்றைக்கு நிறையப் பேர் கையில் இருந்த பென்டாக்ஸ் கே 1000 கேமராவில் பிளாஷோடு சேர்ந்து இயங்கும் அதிகபட்ச ஷட்டர் வேகம் அறுபதில் ஒரு வினாடி. ஜெனிட்டில் முப்பதில் ஒன்று. நம் ஊர் வெயிலில் அந்த வேகத்துக்கு லென்ஸை எஃப் 22 வரை மூட வேண்டும். அவ்வளவு மூடினால் அந்தச் சின்ன பிளாஷ் எட்டாது. ஆகவே வெளியே எடுக்கும்போது பிளாஷை யாரும் தொடவில்லை. பதினொரு மணி வெயில் நேர் உச்சியில். புருவத்து நிழலில் கண் இரண்டு குழியாகப் போயிற்று. மீட்டரும் ஏமாந்தது. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்து அளக்கிற கருவி. நாற்பது வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும், வெளிச்சம் ஜாஸ்தி என்று குறைத்துவிடும். சட்டை சாம்பல் ஆகும், முகம் கரியாகும்.

கலர் பிலிமின் கதை இதைவிடச் சுவாரசியம். தமிழ் சினிமாவில் முழு நீளக் கலர் 1956-லேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் வந்துவிட்டது. கல்லூரி குரூப் போட்டோவுக்குக் கலர் வர அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நாமே பிலிம் செய்ய வேண்டும் என்று ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை அரசு 1960-ல் தொடங்கி, பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்திக்குக் கொண்டு வந்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் வந்தன. அந்தக் கம்பெனி நல்லபடியாக ஓடியிருந்தால், நம் முகத்துக்கு ஏற்ற கலர் பிலிமை நம் ஊர் கெமிஸ்ட்டுகளே செய்திருப்பார்களோ என்று ஒரு நப்பாசை எனக்கு உண்டு. நடக்கவில்லை. 2014-ல் அதை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

ஆக, கலர் பிலிம் வெளிநாட்டில் தீர்மானமாகி வந்தது. அங்கே அதை எப்படித் தீர்மானித்தார்கள்? அமெரிக்காவில் கோடாக் கம்பெனி, லேப்களில் கலர் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அப்படி நின்ற ஊழியரின் பெயர் ஷெர்லி, அதனால் 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். ஷெர்லியின் கன்னம் சரியாக வந்தால் மெஷின் சரி. கறுத்த தோல் எப்படி வருகிறது என்று பல வருஷம் யாரும் கேட்கவில்லை. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இதை விசாரித்து 2009-ல் எழுதினார். கோடாக்கில் வேலை பார்த்தவர்கள் அவரிடம் சொன்ன விஷயம் வேடிக்கையானது. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர பர்னிச்சர் கம்பெனிக்காரர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறப் பேதம் படத்தில் தெரியவில்லை என்று புகார் செய்த பிறகுதான் பழுப்பு நிறங்களின் மேல் கவனம் திரும்பியதாம். மனிதன் சொல்லிக் கேட்காததை நாற்காலி சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்!

எண்பதுகளில் நம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மினிலேப் வரத் தொடங்கியது. ரோலைக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் பிரிண்ட் ரெடி. அந்த மெஷினில் டென்சிட்டிக்கு ஒரு பட்டன், மஞ்சள், மெஜந்தா, சியான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். நம் கலர் முழுக்க அந்த நாலு பட்டனில் இருந்தது. கவுண்ட்டரில் இருக்கிற அண்ணாச்சி, "பொண்ணு போட்டோதானே, கொஞ்சம் வெளுப்பாவே போட்டுருக்கேன், பாத்துக்கிடுங்க" என்பார். நாமும் சந்தோஷமாகக் காசு கொடுப்போம். ஸ்டூடியோ ஆர்ட்டிஸ்ட்டின் பிரஷ் இப்போது பட்டனாகிவிட்டது, அவ்வளவுதான். எடுத்தவனுக்கு அதில் பேச்சே இல்லை.

எடுத்தவன் கைக்கு அது எப்போது வந்தது? 1975-ல் கோடாக்கில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் இன்ஜினியர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 வினாடி, அதுவும் கறுப்பு வெள்ளை. அதே கம்பெனியில் பிரைஸ் பேயர், சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டியைக் கட்டம் கட்டமாக வைக்கும் யோசனைக்கு 1976-ல் காப்புரிமை வாங்கினார். பிறகு 1999-ல் நிகான் டி1, 2003-ல் சாமானியர் நினைத்துப் பார்க்கிற விலையில் கேனன் 300டி. கல்யாண போட்டோகிராபர்கள் அந்தப் பத்தாண்டிலேயே மாறிவிட்டார்கள்.

மெகாபிக்சல் பெருமை எல்லாம் விளம்பரத்துக்கு. என்னைக் கேட்டால் உண்மையான புரட்சி 'ஒயிட் பாலன்ஸ்' என்ற பட்டன்தான். பிலிமில் பகல் வெளிச்சத்துக்கு ஒரு ரோல், பல்பு வெளிச்சத்துக்கு வேறு ரோல், இல்லையென்றால் லென்ஸில் நீல வடிகட்டி. 36 படமும் தீரும்வரை மாற்ற முடியாது. மண்டபத்து டியூப் லைட்டில் எல்லோரும் பச்சையாக வந்தோமே, அந்தக் காலம். டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்: இது வெயில், இது நிழல், இது பல்பு, இது பிளாஷ்.

இங்கே வண்ணார்பேட்டைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சங்கதி. வெளுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் பெயரில் இருக்கும் ஊர் இது. வெள்ளை என்பது ஒரு வெள்ளை அல்ல என்று ஆற்றங்கரையில் துணி வெளுத்தவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. கல்யாண வீடியோக்காரர்கள் ஒயிட் பாலன்ஸ் எடுக்க மாப்பிள்ளையின் வேட்டியைப் பிடிப்பார்கள். நீலம் போட்ட வேட்டி லேசாக நீலம்தான். சோப்புத்தூளில் கலக்கிற வெண்மையூட்டி வேறு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கும். பிளாஷ் வெளிச்சத்தில் அந்தக் கதிர் கொஞ்சம் உண்டு. இந்த நீலத்தை வெள்ளை என்று கேமராவிடம் சொன்னால் அது பதிலுக்கு மஞ்சளைக் கூட்டும், முகமெல்லாம் காமாலை. சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை.

ஆட்டோவில் விட்டாலும் கேமரா தன் இஷ்டத்துக்கு ஒரு முடிவு எடுக்கும். நலங்கில் மஞ்சள் பூசிய முகத்தைப் பார்த்து, 'வெளிச்சம் மஞ்சள் போலிருக்கிறது' என்று அந்த மஞ்சளைக் கழித்துவிடும். கேனன் 2005-ல் 'பிக்சர் ஸ்டைல்', நிகான் 2007-ல் 'பிக்சர் கன்ட்ரோல்' என்று கொண்டு வந்தன. ஸ்டாண்டர்டு, போர்ட்ரெய்ட், நியூட்ரல் என்று வரிசையாக இருக்கும். பல பேர் இதைத் திறந்து பார்த்ததே இல்லை. இல்லையென்றால் 'விவிட்' போட்டு விட்டுவிடுவார்கள். அரக்குச் சிவப்புப் பட்டுச் சேலையை அந்த செட்டிங்கில் எடுத்துப் பாருங்கள். சிவப்புச் சானல் மட்டும் உச்சியில் முட்டி, சரிகைக்கு நடுவில் இருக்கும் நெசவு எல்லாம் சிவப்புப் பெயின்ட் கொட்டினதுபோல ஆகிவிடும். முகத்திலும் கான்ட்ராஸ்ட் ஏறி நிழல் கரியாகும். நம் தோலுக்கு நியூட்ரல் வைத்து, கான்ட்ராஸ்டை ஒரு படி குறைத்து, கேனனாக இருந்தால் 'கலர் டோன்' என்பதைக் கொஞ்சம் பிளஸ் பக்கம் தள்ளினால் அந்த வெள்ளைக்கார ரோஸ் போய் நம்ம மாநிறம் வரும். ரா ஃபைலாக எடுத்தால் இதையெல்லாம் பிறகும் மாற்றலாம். ஜேபெக்கில் சமைத்தாகிவிட்டது, உப்பை வெளியே எடுக்க முடியாது.

பிளாஷுக்கும் டிஜிட்டலுக்கும் கல்யாணம் சுமுகமாக நடக்கவில்லை. பழைய விவிடார் 283 மாதிரி பிளாஷ்களில் சிலவற்றின் டிரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் வரும். பிலிம் கேமராவில் அது வெறும் உலோக சுவிட்ச், தாங்கியது. டிஜிட்டலில் அந்த இடத்தில் செமிகண்டக்டர் இருக்கிறது. தாத்தா பிளாஷைப் புதுக் கேமராவில் மாட்டுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், மாணவத் தம்பிகளே. புது பிளாஷ்கள் முதலில் ஒரு சின்ன மின்னல் அடித்து அளந்து, பிறகு பெரிய மின்னல் அடிக்கும். அந்தச் சின்ன மின்னலில் சிலர் கண் மூடிவிடுவார்கள். குரூப்பில் யாராவது ஒருவர் தூங்குவது இதனால்தான். வெளிச்ச அளவை முன்கூட்டியே பூட்டி வைக்கும் பட்டன் ஒன்று உண்டு, அதை அமுக்கிவிட்டு எடுத்தால் தீர்ந்தது. வெள்ளைச் சட்டையைக் கண்டு ஏமாறும் பழைய வியாதி இன்னும் இருக்கிறது. பிளாஷ் அளவை முக்கால் படி கூட்டியே வைக்க வேண்டும்.

பின்வரிசைக்கு மருந்து துணைச் சாமான்களில் இருக்கிறது. பிளாஷைக் கேமரா தலையிலிருந்து கழற்றி ஒரு ரேடியோ டிரிக்கரில் மாட்டி, எட்டு மீட்டர் பின்னால் உயரமான ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முன்வரிசை எட்டு, பின்வரிசை பத்து. இப்போது வித்தியாசம் 1.56 மடங்குதான். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் சாதாரண பிளாஷே எஃப் 8-ல் எட்டும். வெள்ளைக் கூரை இருந்தால் மேலே திருப்பி அடிக்கலாம். மரக் கூரை என்றால் அந்தப் பழுப்பும் சேர்ந்து முகத்தில் விழும், ஜாக்கிரதை. வெயிலில் இப்போது இருநூறில், இருநூற்றைம்பதில் ஒரு வினாடி வரை பிளாஷ் ஒத்துழைக்கும். கண் குழியை நிரப்ப அது போதும்.

கேமரா கம்பெனிகள் இன்று கண்ணாடியில்லா கேமராவுக்குப் போய்விட்டன. நாமோ செல்போனுக்குப் போய்விட்டோம். செல்போனில் பல மாடல்கள் கேட்காமலேயே முகத்தை வெளுத்து, வழவழ என்று தேய்த்துக் கொடுக்கின்றன. கஷ்டப்பட்டு நம் கைக்கு வந்த பட்டனை மறுபடியும் யாரோ ஒரு புரோகிராமரிடம் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. கல்லூரி போட்டோ கிளப்பில் எஸ்.எல்.ஆர். இருந்தால் அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

பழைய குரூப் போட்டோவின் பிரிண்டில் காணாமல் போன முகங்களில் கணிசமான பேர் நெகடிவில் இருப்பார்கள். பிரிண்ட் பேப்பரின் கொள்ளளவு குறைவு, நெகடிவின் கொள்ளளவு அதிகம். நெகடிவில் மெல்லிய புகை மாதிரி தெரிகிற இடம்தான் அந்த முகம். பால் நிற அக்ரிலிக் பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஷை வைத்து, முன்னால் நெகடிவை வைத்து, மேக்ரோ லென்ஸ் போட்ட எஸ்.எல்.ஆரால் ரா ஃபைலாக எடுத்தால் அந்தப் புகைக்குள்ளிருந்து கண்ணும் மூக்கும் மேலே வரும். கலர் நெகடிவின் ஆரஞ்சு நிறத்தை ஒயிட் பாலன்ஸில் பெருமளவு கழித்துவிடலாம். மூடுகிற ஸ்டூடியோக்களில் நெகடிவ் பெட்டிகள் குப்பைக்குப் போகின்றன, கறுப்பு வெள்ளை என்றால் வெள்ளிக்காகவும் போகின்றன. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், அல்லது உங்கள் செட்டை எடுத்த ஸ்டூடியோவில் நெகடிவ் இருந்தால் சந்திப்புக்கு வரும்போது கொண்டு வாருங்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், பிளாஸ்டிக் உறையை விடக் காகித உறை நல்லது. புளித்த வினிகர் வாடை வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதைத் தனியாக வைத்து முதலில் கொடுங்கள். உறையின் மேல் செட்டும் வருஷமும் எழுதுங்கள். பின்வரிசையில் இடமிருந்து வலமாக யார் யார் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.